மெல்லமாய் ஓடின பந்து

நான் கெதியில கோவப்படுற ஆள். என்ர மனுசனைக் கேட்டாலும் சொல்லுவார், நான் வேலை செய்யிற கந்தோரில கேட்டாலும் சொல்லுவினம். ஆனா ஒரு ஆளைப் பற்றி மட்டும் ஆர் என்ன குறை சொன்னாலும் நான் விட்டுக்குடுக்கிறேல்ல. அவள் என்ர சிநேகிதி, கனடாவில இருக்கிறவள். பத்தொன்பது வயசில இருந்து எனக்கு அவளைத் தெரியும். அவள் என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தினவள் எண்டு போன வருசம்தான் எனக்குப் பிடிபட்டது. அதைச் சொல்லித்தந்தது ஒரு மனுசரும் இல்லை, ஒரு பழைய கொம்பியூட்டர் விளையாட்டு.

அவள் ஊருக்கு வாறன் எண்டு சொன்னதோடதான் எல்லாம் தொடங்கினது. "பதினாலு வருசத்துக்குப் பிறகு வாறனடி. மனுசனும் பிள்ளையளும் வருகினம். உப்புவெளிக் கடற்கரையில தங்கப்போறம். ஒரு பின்னேரம் நான் தனிய உன்ர வீட்டுக்கு வருவன், ரெண்டு பேரும் இருந்து கதைக்கவேணும்" எண்டு போனில குரல் அனுப்பியிருந்தாள். எனக்குச் சந்தோசம் தாங்கேல்ல. அதை நாலு தரம் போட்டுக் கேட்டன். பிறகு, வாறவளுக்கு என்ன குடுக்கிறது எண்டு யோசினை வந்தது. கனடாவில இல்லாத சாமான் இஞ்ச என்ன கிடக்கு? கருவாடு குடுத்தா பிளேனில மணக்கும் எண்டுவாள். அப்பதான் அந்த விளையாட்டு ஞாபகம் வந்தது. மூண்டு வருசத்துக்கு முதல் அவள் எனக்கு ஒரு லப்டொப் அனுப்பினவள். அந்த லப்டொப்பிலயே எங்கட பழைய விளையாட்டை ஓடவிட்டு, அவளை முன்னால இருத்தி, "இந்தா, விளையாடு" எண்டு சொல்லவேணும். அவள் அழுவாள் எண்டு நினைச்சன்.

என்ன விளையாட்டு எண்டு சொல்லிப்போடுறன். திரையில மேல கல்லுக் கல்லா ஒரு சுவர் இருக்கும். கீழ ஒரு சின்னப் பலகை. பந்து மேல போய்க் கல்லை உடைச்சுப்போட்டுக் கீழ வரும், பலகையை நகத்தி அதைத் திருப்பி அடிக்கவேணும். விட்டா அந்தப் பந்து போச்சு. மொத்தம் மூண்டு பந்து. ஒரு சுவர் முழுக்க உடைஞ்சா கொம்பியூட்டர் கீச்சுக் குரலில ஒரு சின்னப் பாட்டு வாசிக்கும், பிறகு அடுத்த சுவர் வரும். அவ்வளவுதான். இப்பத்தப் பிள்ளையளுக்குக் காட்டினா எங்களைப் பாத்துச் சிரிப்பினம்.

அந்த நாளில இன்னர் ஹாபர் றோட்டில ஒரு மேல்வீட்டில ஒரு வாத்தியார், நாங்கள் சேர் எண்டு கூப்பிடுறவர், கொம்பியூட்டர் படிப்பிச்சவர். நாலு மெஷின். செருப்பைக் கீழ கழட்டி, காலைக் கழுவித் துடைச்சுப்போட்டுத்தான் மேல ஏற விடுவார். தூசு போனா மெஷின் செத்துப்போகும் எண்டு அவருக்குப் பயம். என்ர சிநேகிதி கட்டைபறிச்சான் எண்ட ஊர்ப் பெட்டை. மூதூரில இருந்து லோஞ்சில கடல் தாண்டி வந்து, ரவுணில சித்தி வீட்டில தங்கிப் படிச்சவள். நான் உப்புவெளி. ஏ லெவல் சோதினை எழுதிப்போட்டு ரெண்டு பேரும் ஒரே கிழமையில போய்ச் சேர்ந்தனாங்கள். சேர்ந்த நாளே ஒட்டிக்கொண்டம். வகுப்பு முடிய சேர் அரை மணித்தியாலம் விளையாட விடுவார். எங்கட சிநேகிதம் முழுக்க அந்த அரை மணித்தியாலத்திலதான் வளர்ந்தது.

இதில ஒரு விசயம் விளங்கினாத்தான் மிச்சக் கதை விளங்கும். அந்தக் காலத்து மெஷினில முன்னுக்கு டேர்போ எண்டு ஒரு பட்டன் இருக்கும். அதைப் போட்டா மெஷின் வேகமா ஓடும், பக்கத்தில சின்னக் கண்ணாடிக்குள்ள பச்சை இலக்கத்தில அறுபத்தாறு எண்டு காட்டும். நிப்பாட்டினா முப்பத்துமூண்டு, எல்லாம் அரைவாசி வேகம். எங்கட சேருக்கு ஒரு நம்பிக்கை, டேர்போ போட்டா மெஷின் கூடக் கரண்ட் குடிக்குமாம். அதால கரண்ட் நிண்டு ஜெனரேட்டர் ஓடுற நேரம் எல்லாரும் டேர்போவை நிப்பாட்டிப்போடவேணும், இல்லாட்டி மண்ணெண்ணெய் வீண் எண்டு சட்டம் போட்டிருந்தார். அது சுத்த விசர்க்கதை எண்டு பிறகுதான் தெரிஞ்சது. ஆனா மண்ணெண்ணெய் கிடைக்கிறதே பெரும்பாடா இருந்த நாள், ஆர் அவரைக் கேள்வி கேக்கிறது? கீழ ஜெனரேட்டர் சத்தம் கேட்டவுடன நாலு மெஷினிலயும் நாலு விரல் போய் டேர்போவை நிப்பாட்டும். எங்களுக்கு அது கைப்பழக்கமாப் போச்சு.

டேர்போ இல்லாட்டி பந்தும் மெல்லமாத்தான் ஓடும். சின்னப்பிள்ளையும் பிடிக்கும். அதால எங்களுக்குள்ளயும் ஒரு சட்டம் இருந்தது. ஜெனரேட்டரில விளையாடினது கணக்கில்லை. ஆராவது கனக்கச் சுவர் உடைச்சன் எண்டு வந்து சொன்னா முதல் கேள்வியே "கரண்டிலயோ ஜெனரேட்டரிலயோ?" எண்டுதான். ஜெனரேட்டரில எண்டா "போடி அளாப்பி, கள்ள விளையாட்டு" எண்டு சிரிப்பம்.

படிப்பு முடியிற நேரம் சேருக்கு ஒரு இடம் வந்தது. வெளிநாட்டு ஆக்கள் ஆரோ உதவி செய்து, கொழும்பில ரெண்டு வருசக் கொம்பியூட்டர் படிப்பு. தங்க இடம், சாப்பாடு எல்லாம் சும்மா. ஆனா ஒரே ஒரு ஆளுக்குத்தான். சேர் சோதினை வைச்சார். அவளுக்கும் எனக்கும் ஒரே புள்ளி. திரும்ப வைச்சார், திரும்பவும் அதே கதை. அவர் ஆரையும் நோகடிக்கத் தெரியாத மனுசன். "பிள்ளையள், நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரைச் சொல்லுங்கோ" எண்டுபோட்டு எழும்பிக் குசினிக்குள்ள போட்டார். இப்ப யோசிச்சா அவரிலயும் எனக்குக் கோவம்தான். பத்தொன்பது வயசுப் பெட்டையளின்ர தலையில தூக்கி வைக்கிற சுமையே அது?

எனக்கு அந்த இடத்தில சரியான ஆசை. கொழும்புக்குப் போய், பெரிய கம்பனியில வேலை செய்து, நானா ஒரு அறை எடுத்து இருக்கவேணும் எண்டு மனசுக்குள்ள எல்லாம் அடுக்கி வைச்சிருந்தன். அவளுக்கும் ஆசை எண்டு தெரியும். ரெண்டு நாளா ஒருத்தரை ஒருத்தர் முகம் பாக்காமல் திரிஞ்சம். மூண்டாம் நாள் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"சீட்டுக் குலுக்கினா அது வெறும் அதிஷ்டம். பந்து விளையாடுவமடி. கூடச் சுவர் உடைக்கிற ஆள் போகட்டும். நீ என்னைவிட நல்லா விளையாடுவாய், அது எனக்குத் தெரியும். எண்டாலும் எனக்குச் சம்மதம்."

அந்தக் கடைசிச் சொல்லில நான் அப்பிடியே உருகிப்போனன். தான் தோக்கப்போறது தெரிஞ்சும் சம்மதிக்கிறாளே, எவ்வளவு பெரிய மனசு எண்டு நினைச்சன். மோட்டுப் பெட்டை நான்.

வியாழக்கிழமை மத்தியானம், அறையில வேற ஒருத்தரும் இல்லாத நேரம் விளையாடினனாங்கள். கரண்ட் இருந்தது, தலைக்கு மேல மின்விசிறி சுத்திக்கொண்டிருந்தது. ஆராவது பின்னால நிண்டா தனக்குக் கை நடுங்கும், அதால ஒராள் விளையாட மற்றவள் வெளி விறாந்தையில இருக்கவேணும் எண்டு அவள் சொன்னாள். எனக்கும் அது சரியாப் பட்டது. முதல் நான். பச்சை இலக்கம் அறுபத்தாறு காட்டினது, நான் பாத்திட்டுத்தான் தொடங்கினனான். ஆறு சுவர் உடைச்சன். எனக்கு அது நல்ல விளையாட்டு. அவள் அதுவரைக்கும் நாலுக்கு மேல போனதில்லை. வெளிய வந்து "ஆறு" எண்டு சொன்னன். அவள் எழும்பி உள்ள போனாள்.

நான் விறாந்தையில சுவரோட சாஞ்சு இருந்தன். கீழ றோட்டில, எங்கட ரவுணுக்குள்ள மாடுமாதிரித் திரியிற மானில ஒண்டு, ஆரோ எறிஞ்ச வாழைத்தோலைத் திண்டுகொண்டு நிண்டது. உள்ளுக்க இருந்து பாட்டு மட்டும்தான் எனக்குக் கேட்டது. ஒரு பாட்டு எண்டா ஒரு சுவர். விரலை மடிச்சு எண்ணினன். பாட்டு இழுபட்டு இழுபட்டு வாறமாதிரி இருந்தது. எனக்குத்தான் பதட்டத்தில அப்பிடிக் கேக்குது எண்டு நினைச்சன். ஜெனரேட்டர் ஓடேல்ல, கரண்ட் இருக்கு, டேர்போவை ஆர் நிப்பாட்டப்போகினம்? அந்த நினைப்பே எனக்கு வரேல்ல. ஆறாவது பாட்டு கேட்டது. ஏழாவதுக்கும் விரல் மடிஞ்சுது. ஒன்பதோட நிண்டுது.

உள்ள போனன். அவள் கதிரையில இருந்து அழுதுகொண்டிருந்தாள். "வெண்டிட்டனடி" எண்டு என்னைக் கட்டிப்பிடிச்சாள். நானும் அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதன். பிறகு மனசு ஆறாமல் நானும் ஒருக்கா இருந்து விளையாடிப் பாத்தன். பந்து பறந்துது, மூண்டாவது சுவரிலயே எல்லாம் முடிஞ்சுது. அடுத்த நாள் சேரிட்ட அவளின்ர பேரைச் சொன்னது நான்தான்.

அவள் கொழும்புக்குப் போனாள், படிச்சாள், அங்கயே வேலை எடுத்தாள், பிறகு கனடா. நான் கிளாக் சோதினை எழுதி அரச கந்தோர் ஒண்டில சேர்ந்து இண்டைக்கும் அதிலதான் இருக்கிறன். அவளில எனக்குப் பொறாமை வந்ததோ எண்டு கேட்டா, இல்லை எண்டு நெஞ்சில கை வைச்சுச் சொல்லுவன். ஏனெண்டா நான் நேர்மையாத் தோத்தனான். அதில எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கந்தோரில இடமாற்றத்துக்கு ஆளை ஆள் கடிச்சுக் குதறுற நேரம் எத்தினையோ தரம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறன். "ரெண்டு பெட்டையள் நாங்கள் எங்கட வாழ்க்கையையே ஒரு பந்தில தீர்த்தனாங்கள், ஒரு சொல்லுப் பிசகேல்ல" எண்டு. எங்கட அம்மா மட்டும் ஒருக்கா, "உவள் உன்னைச் சுத்தி ஏமாத்திப்போட்டாள் போல கிடக்கு" எண்டா. அந்த ஒரு சொல்லுக்கு நான் அம்மாவோட மூண்டு மாசம் முகம் குடுத்துக் கதைக்கேல்ல.

சரி, இப்பத்தக் கதைக்கு வாறன். அந்த விளையாட்டை நான் எறியாமல் வைச்சிருந்தனான். முதல், சேரின்ர மெஷினில இருந்து எடுத்த பிளொப்பியில இருந்தது. பிளொப்பி பூஞ்சணம் பிடிக்கத் தொடங்க சீடிக்கு மாத்தினன், பிறகு பென்டிரைவுக்கு. லப்டொப்பில போட்டு அமத்தினா, "இந்த மெஷினில இது ஓடாது" எண்டு ஒரு பெட்டி வந்து நிண்டுது. அது டொஸ் காலத்து விளையாட்டு, இப்பத்த மெஷினுக்கு அந்தப் பாசை தெரியாது. தேடிப் பாத்ததில, புது மெஷினுக்குள்ள ஒரு பழைய மெஷின்மாதிரி நடிக்கிற சொப்ட்வெயார் ஒண்டு சும்மா கிடைக்கும் எண்டு தெரிஞ்சது. அதை இறக்கி, பழைய மாதிரிக் கறுப்புத் திரையில கட்டளையளை ஒண்டொண்டா அடிச்சு, பிழை விட்டு, திரும்ப அடிச்சு, ஒரு கிழமை இழுபட்டன். "உந்தக் கண்டறியாத பந்துக்கு இவ்வளவு பாடோ?" எண்டு மனுசன் கேட்டார். "உங்கட கிரிக்கெட்டைவிட இது திறம்" எண்டன்.

ஒருமாதிரி ஓடிச்சுது. ஓடினதும் சிரிப்புத்தான் வந்தது. பந்தைக் கண்ணால காண முதல் மூண்டும் முடிஞ்சுது. புது மெஷின்ர வேகத்துக்கு அது பேய் பிடிச்சமாதிரி ஓடுது. அந்த சொப்ட்வெயாரில வேகத்தைக் குறைக்க ரெண்டு பட்டனைச் சேத்து அமத்தவேணும். ஒவ்வொரு தரம் அமத்தவும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். அமத்தி விளையாடி, அமத்தி விளையாடி, ஒரு இடத்தில என்ர கை தன்ர பாட்டில பந்துக்கு முன்னால போய் நிண்டுது. அப்ப விளங்கினது, இதுதான் அறுபத்தாறு. நாலு சுவர் உடைச்சன். வயசு போன கைக்கு அது காணும். அந்த வேகத்தை ஒரு தாளில குறிச்சு வைச்சன்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலமை. எனக்கு ஒரு ஆசை. அவள் வந்து இருந்தா முதல்லயே பந்தை விட்டிட்டு வெக்கப்படக்கூடாது, பழகுறதுக்குக் கொஞ்சம் மெல்லமா வைச்சுக் குடுப்பம் எண்டு வேகத்தை இன்னும் குறைச்சன். அரைவாசிக்குக் கொண்டுவந்து விட்டிட்டு, அடுப்பில சோறு கிடக்கெண்டு குசினிக்குப் போனன். அந்த விளையாட்டை ஒருத்தரும் தொடாமல் விட்டா அது தானே விளையாடிக் காட்டும். நான் குசினியில சோத்தை வடிச்சுக்கொண்டு நிக்கேக்க முன்னறையில அது தன்ர பாட்டில ஒரு சுவரை உடைச்சு முடிச்சு, பாட்டை வாசிச்சுது.

இழுபட்டு இழுபட்டு வந்த பாட்டு.

சோத்துப் பானையை அப்பிடியே வைச்சன். எனக்கு அந்தப் பாட்டைத் தெரியும். அறுபத்தாறில பாட்டு துடிச்சுத் துடிச்சு வரும், அதை நான் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறன். ஆனா இப்பிடி, ஆளைக் காணாமல், சுவருக்கு அங்கால இருந்து, இழுபட்டு வந்ததை ஒரே ஒரு நாள்தான் கேட்டனான். ஜெனரேட்டர் ஓடின நாளையில அந்த இரைச்சலுக்குள்ள பாட்டு கேக்கிறேல்ல. ஒன்பது தரம் கேட்டனான்.

முன்னறைக்கு ஓடினன். வேகத்தைக் கூட்டினன், குசினிக்குப் போய் நிண்டு கேட்டன். அது இல்லை. திரும்ப வந்து குறைச்சன், திரும்பப் போய்க் கேட்டன். அதுதான். பத்துத் தரமாவது நடந்திருப்பன். "என்னப்பா, விசரோ?" எண்டு மனுசன் பேப்பருக்கு மேலால பாத்தார். வேற விளக்கம் இருக்கோ எண்டு மண்டையைப் போட்டு உடைச்சன். வேற ஆரும் அமத்தியிருக்கலாமோ? நான் விளையாடி முடிச்சு வெளிய வர, உள்ள போனது அவள் மட்டும். தெரியாமல் கை பட்டிருக்குமோ? அப்பிடியெண்டா அவளுக்குப் பிறகு நான் விளையாடேக்க பந்து பறந்ததெப்படி? நிப்பாட்டினதும் அவள். ஒன்பது சுவர் முடிய, என்னைக் கட்டிப்பிடிக்க முதல், மறக்காமல் திரும்பப் போட்டு விட்டதும் அவள்.

அந்த அரை வேகத்தில நானும் இருந்து விளையாடினன். கண்ணாடி போட்டுக்கொண்டு, முழங்கை நோவோட. பதினொரு சுவர். முதல் தரத்திலயே.

எனக்கு வந்த கோவத்தை எப்பிடிச் சொல்லுறது? கொழும்பு போச்சே எண்டு நான் அழேல்ல. அது போய்க் கன காலம். நான் பெருமையாக் காவிக்கொண்டு திரிஞ்ச ஒரு தோல்வி, அது தோல்வியே இல்லையாம். கந்தோர் முழுக்க நான் சொல்லித் திரிஞ்ச கதையில நான் ஒரு மோட்டு மனுசி. அதைவிட, அலுமாரியைத் திறந்தா அவள் அனுப்பின சாமான்தான் நிறைஞ்சு கிடக்குது. வருசா வருசம் என்ர பிறந்தநாளுக்குப் பார்சல் வரும். சேலை, சென்ட், சொக்கிளேற், கடைசியா அந்த லப்டொப். இவ்வளவு அன்பா ஒரு சிநேகிதி ஆருக்குக் கிடைக்கும் எண்டு எல்லாருக்கும் காட்டினனான். இப்ப அதுகளைப் பாக்க, இதில எது அன்பு, எது பயம் எண்டு எனக்குப் பிரிக்கத் தெரியேல்ல. அவள் வர நாலு நாள் இருந்தது. அவள் வாயைத் திறந்து "ஓம்" எண்டு சொல்லவேணும், எனக்கு அது ஒண்டுதான் வேணும் எண்டு முடிவெடுத்தன். வேகத்தைத் திரும்ப அறுபத்தாறுக்குக் கொண்டுபோய் வைச்சன்.

புதன்கிழமை பின்னேரம் ஒரு வான் பிடிச்சு வந்து இறங்கினாள். கொஞ்சம் உடம்பு வைச்சிருந்தாள், தலை நரையை மறைக்கேல்ல. வாசலிலயே கட்டிப்பிடிச்சாள். நான் கையைத் தூக்கிப் பட்டும் படாமலும் அவளின்ர முதுகில வைச்சன். தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். பிள்ளையளின்ர கதை, குளிர்க் கதை எல்லாம் கதைச்சாள். நான் ம் கொட்டிக்கொண்டு இருந்தன். பிறகு லப்டொப்பைத் திறந்து அவளுக்கு முன்னால தள்ளினன்.

"இந்தா, விளையாடு."

அவள் திரையைப் பாத்தாள். கையால வாயைப் பொத்தினாள். நான் முதல் நினைச்சமாதிரியே அவளுக்குக் கண்ணீர் வந்தது. "எடியே, இதை எங்கயடி வைச்சிருந்தனீ?" எண்டு கேட்டுக்கொண்டே விளையாடத் தொடங்கினாள். முதல் சுவர் பாதி உடையுறதுக்குள்ள மூண்டு பந்தும் போச்சு.

"என்னடி இது, இந்தப் பறப்புப் பறக்குது?"

"அறுபத்தாறு. எங்கட கரண்ட் வேகம்" எண்டன்.

"சும்மா இரடி. அண்டைக்கு நான் ஒன்பது சுவர் உடைச்சனானெல்லோ. இவ்வளவு வேகமில்லை, பந்து மெல்லமாத்தான்..."

அதோட நிப்பாட்டிட்டாள். நான் கையை நீட்டி, ரெண்டு பட்டனையும் சேத்து அமத்தினன். பாதி வேகத்துக்கு வந்ததும் விளையாட்டைத் தன்ர பாட்டில ஓட விட்டன். ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருந்தம். சுவர் உடைஞ்சு முடிய, பாட்டு இழுபட்டு வந்தது.

"இப்பிடியோ?" எண்டன்.

"என்னடி கதைக்கிறாய்" எண்டு கேப்பாள், சத்தியம் பண்ணுவாள் எண்டு எதிர்பாத்தனான். அதுக்கு என்ன சொல்லுறது எண்டு நாலு நாளாப் பாடமாக்கி வைச்சிருந்தன். அவள் அப்பிடி ஒண்டும் கேக்கேல்ல.

"எப்ப தெரியும் உனக்கு?"

"சனிக்கிழமை."

"அதுக்கு முதல் தெரியாதோ?"

"எனக்கென்னெண்டு தெரியும்?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தாள், குடிக்காமல் வைச்சாள். "ஓம், நான்தான் நிப்பாட்டினனான்" எண்டாள். "ஆனா நீ வெளியில இருந்து கேட்டிருப்பாய் எண்டுதான் நான் நினைச்சன். பாட்டு இழுபட்டதெல்லோ. கேட்டும் நீ வாய் திறக்கேல்ல. எனக்காக விட்டுத்தந்தனீ எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அது பச்சைப் பொய்யோ, இல்லாட்டி அப்பிடி நினைச்சு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டாளோ, எனக்கு இண்டைக்கும் தெரியேல்ல. எனக்குக் குரல் ஏறிட்டுது. "விட்டுத்தந்தவளைக் கட்டிப்பிடிச்சு 'வெண்டிட்டனடி' எண்டு ஏன் சொன்னனீ?"

அவள் லப்டொப்பை மூடினாள். பிறகு சொன்னாள், "வீட்டில எனக்குக் கலியாணம் பேசி வைச்சிருந்தவை. மச்சானுக்கு. அந்த இடம் கிடைக்காட்டி அடுத்த லோஞ்சில என்னை ஊருக்கு ஏத்தியிருப்பினம். உனக்கு உப்புவெளியில ஒரு கரைச்சலும் இல்லை. எனக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது."

"அதை எனக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"ஏன் சொல்லேல்ல?"

"சொல்லிக் கேட்டிருந்தா விட்டுத் தந்திருப்பியோ?"

நான் கோவக்காரிதான், ஆனா பொய் சொல்ல எனக்கு வராது. பத்தொன்பது வயசில அந்த இடத்தில எனக்கிருந்த ஆசையை நினைச்சுப் பாத்தன். "இல்லை" எண்டன்.

"அதுதானடி" எண்டாள். முகம் கொஞ்சம் தெளிஞ்சுது. ஏதோ எல்லாம் சரிவந்தமாதிரிக் கதிரையில சாஞ்சாள். அவள் டேர்போவை நிப்பாட்டினதைக்கூட நான் ஒரு நாளைக்கு மறப்பன் போல, அந்தச் சாஞ்சதை மறக்க ஏலாது.

"பொறு" எண்டன். "தந்திருக்கமாட்டன், அது உண்மை. சேரோட போய்ச் சண்டை பிடிச்சிருப்பன், ரெண்டு இடம் கேட்டிருப்பன். கட்டைபறிச்சானுக்கு உன்னோட வந்து உன்ர அப்பாவோட கதைச்சிருப்பன். ஒண்டும் சரிவராட்டி திரும்ப விளையாடுவம் எண்டிருப்பன். ஆனா டேர்போவில கை வைச்சிருக்கமாட்டன். நீ கொழும்புக்குப் போன அண்டு, உன்ர பெரிய பையை என்ர சைக்கிள் கரியரில கட்டி பஸ் ஸ்டாண்ட் மட்டும் தள்ளிக்கொண்டு வந்தது ஆர்? நீ பக்கத்தில கையை வீசிக்கொண்டு நடந்து வந்தனீ. கால் மணித்தியாலம். அதுக்குள்ளயாவது சொல்லியிருக்கலாமெல்லோ."

அவள் நிலத்தைப் பாத்தாள். "சொல்லியிருந்தா அந்த இடத்திலயே பையை இறக்கி வைச்சிருப்பாய்."

"ஓம், வைச்சிருப்பன். இல்லாட்டி திட்டித் திட்டித் தள்ளிக்கொண்டு வந்திருப்பன். எதெண்டு எனக்கே தெரியாது. அதை நான் தீர்மானிக்க நீ விடேல்லயே."

வெளியில வான்காரன் ஹோர்ன் அடிச்சான். அவள் எழும்பி முகத்தைத் துடைச்சாள். "நாளையிண்டைக்குக் கொழும்புக்குப் போறம். அதுக்கு முதல் இன்னொருக்கா வரட்டோ?" எண்டு கேட்டாள். நான் தேத்தண்ணிக் கோப்பையளை எடுத்து அடுக்கினன். செருப்பைக் கொழுவிக்கொண்டு வாசல் படலையடியில போய்த் திரும்பி நிண்டாள்.

"போட்டு வாறனடி."

"போ" எண்டன். போட்டு வா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல.